மஞ்சள் காரின் உறுமல்

தம்பியின் நகக்கண்ணில் ஏறியிருந்த கரியை அக்கா ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். உடம்பைத் துடைத்து, தலையை வாரி, மற்ற எல்லாவற்றையும் அவள் வந்து சேர்வதற்கு முன்பே முடித்துவிட்டார்கள். இந்தக் கரி மட்டும் யாருக்கும் மசியவில்லை. "காலையில இருந்து தேய்க்கிறேன் அண்ணி, போகவே மாட்டேங்குது" என்று தம்பி மனைவி வெந்நீர்க் கிண்ணத்தை நீட்டியபோது, அக்கா அதை வாங்கிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள். விடியற்காலை பஸ்ஸில் நான்கு மணி நேரம் வந்திருந்தாள். வாசலில் இறங்கியதிலிருந்து ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடித்து அழுததில், அவள் அழ வேண்டியதையும் சேர்த்து மற்றவர்களே அழுது தீர்த்துவிட்ட மாதிரி இருந்தது. கையில் ஒரு வேலை இருந்தால் தேவலாம் என்று பட்டது.

இருபது வருஷமாகக் கார் சைலன்சர்களை அறுத்தும் ஒட்டியும் வாழ்ந்த கை. புறங்கை முழுக்க வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்ன வடுக்கள், உளுந்து இறைத்தது போல. பெருவிரலில் ஒரு வழியாகக் கரி கழன்றது. துணியால் ஒற்றிப் பார்த்தாள். நகத்துக்கு அடியில் சதை செக்கச்செவேல் என்றிருந்தது.

அழுத்தித் தேய்த்ததில் சிவந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தேய்த்தால் சிவப்பதற்கு உள்ளே ரத்தம் ஓட வேண்டும். ஆள்காட்டி விரலை எடுத்தாள். சிவப்பு. பிரஷ்ஷே படாத இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் கரிக்கு ஓரமாகச் சிவப்பு. குனிந்து, யாரும் கவனிக்காதபடி, அவன் கீழுதட்டை விரலால் லேசாக இழுத்து உள்பக்கம் பார்த்தாள்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். மனிதர்களை முகத்தை விட ரத்தத்தை வைத்துத்தான் அதிகம் அறிந்தவள். அவளுக்கு ஃபோனில் சொன்னது மாரடைப்பு என்று. மாரடைப்பில் போனவன் நகம் நீலம் பாரித்திருக்கும், இல்லையென்றால் வெளுத்திருக்கும். இப்படிப் பளிச்சென்ற சிவப்பை அவள் தன் வேலையில் மூன்றே முறைதான் பார்த்திருக்கிறாள். மூன்றும் மூடின அறைக்குள் புகை குடித்துச் செத்தவர்களுடையது.

"தூங்குற மாதிரியே இருக்கான் பாருங்க. முகத்துல என்ன ஒரு களை!" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி.

"நல்ல சாவு. நோய் நொடின்னு படுக்கல, ஒருத்தருக்குத் தொந்தரவு குடுக்கல" என்றாள் இன்னொருத்தி.

அக்கா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தம்பி மனைவியைப் பார்த்தாள்.

"ஐஸ்ல வச்சீங்களாம்மா இவனை?"

"இல்லையே அண்ணி. நேத்து சாயங்காலம் கொண்டுவந்ததுல இருந்து இங்கயேதான்."

குளிரில் வைத்தால்கூடச் சில சமயம் சிவக்கும். அதுவும் இல்லை.

"மாரடைப்புன்னு யாரு சொன்னது?"

"கிளினிக்ல டாக்டர் எழுதிக் குடுத்தாரு. ஒர்க்ஷாப் முதலாளிதான் கூட்டிட்டுப் போனாரு. எழுதிக் குடுத்தவரு அந்தப் பல் டாக்டருக்குத் தெரிஞ்சவராம்."

"எந்தப் பல் டாக்டர்?"

"மஞ்சக் கார்க்காரரு."

மஞ்சள் கார் என்றதும் அக்காவுக்குப் புரிந்தது. மூன்று வாரமாகத் தம்பி ஃபோனில் வேறு எதையுமே பேசவில்லை. அவன் பேசுகிற ஆளும் அல்ல. ஒர்க்ஷாப்பில் அவனுக்கு 'சைலன்சர்' என்று பேர் வைத்திருந்தார்கள். வேலையும் அதுதான், ஆளும் அப்படித்தான் என்று. வீட்டில் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிசயம். கார் சத்தம் என்றால் மட்டும் அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவான். "அக்கா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கு. கம்பெனிக்காரன் அது குரலை அமுக்கி வச்சிருக்கான். நான் அதைத் தொறந்து விடப்போறேன்" என்றான். பழைய குழாயை அறுத்துவிட்டு எவர்சில்வர் குழாய் வளைத்துப் பொருத்துகிறானாம். வேகம் ஏறும்போது உறுமணும், ஓடும்போது உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் காதைக் குடையக் கூடாது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு தடவை செல்லமாக இருமணும். இப்படிப் போகும் அவன் பேச்சு. அக்காவுக்கு அதில் பாதி விளங்காது. "கச்சேரி பண்றவன் மாதிரி பேசுறடா" என்று சிரிப்பாள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தான். அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"மூணு மாசமா சாயங்காலம் ஆனா தலை வலிக்குதுக்கா. மண்டைய கவ்வுற மாதிரி."

"நாப்பது தாண்டிடுச்சுல்ல, கண்ணாடி மாத்துடா."

"ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்கிறது இல்லக்கா."

"ஞாயித்துக்கிழமை யாருக்குடா தலை வலிக்கும்?"

அப்படிச் சொல்லிவிட்டுத் தான் சிரித்தது இப்போது காதில் கேட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு விஷவாயு கலந்த ரத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் அவள். வேலை நாளில் வந்து விடுமுறை நாளில் போகிற தலைவலி என்றால் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அவன் கேட்டபோது சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் அது கேட்டது. முதலில் அடித்தொண்டையில் ஒரு கனைப்பு. அப்புறம் வீட்டுச் சன்னல் கண்ணாடி நடுங்கும்படி ஓர் உறுமல். நெருங்கி வந்து, தணிந்து, இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அறையில் இருந்த அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். தம்பி மனைவி மட்டும் கட்டிலைப் பார்த்தாள்.

"டாக்டரே நேர்ல வந்துட்டாரு. பெரிய மனசு" என்றது ஒரு குரல்.

அக்கா எழுந்தாள். எழவு வீட்டுக்கு அந்தக் காரிலேயே வந்திருக்கிறான்.

வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் முதலாளியின் ஏற்பாடு. நாற்காலி, பூ, உடம்பை எடுத்துப் போகும் வண்டி, பன்னிரண்டு மணிக்கு எடுப்பதற்கான நேரம், எதையும் விடவில்லை. கதவோரம் ஆள் உயரத்துக்கு ஒரு மலர் வளையம் நின்றது. அதன் ரிப்பனில் ஒர்க்ஷாப்பின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தம்பியின் பெயர் அதற்குக் கீழே சின்னதாக. "பெத்த புள்ளைக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று சித்தப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தகராறையும் வண்டி அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

பல் டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கலங்கின கண். அக்காவைப் பார்த்துக் கைகூப்பினார். "என் இன்னொரு வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. அதான் இதுல வர வேண்டியதாப் போச்சு. தப்பா நினைக்காதீங்க. நேத்துல இருந்து நானும் சாப்பிடல."

"என்ன நடந்துச்சு நேத்து?" என்று அக்கா கேட்டாள்.

முதலாளி முந்திக்கொண்டார். "வேலை பாத்துட்டே இருந்தாரும்மா, நெஞ்சைப் புடிச்சிட்டாரு. உடனே தூக்கிட்டு ஓடினோம். விதி. நாம என்ன பண்ண முடியும்?"

"நெஞ்சைப் புடிச்சதை யாரு பாத்தது?"

"எல்லாரும்தான் இருந்தோம்."

"எல்லாரும்னா?"

முதலாளி ரிப்பனைச் சரிசெய்யத் தொடங்கினார்.

கடைசி வரிசை நாற்காலியில் டிங்கர் உட்கார்ந்திருந்தார். கார்களின் நெளிசலைத் தட்டி நிமிர்த்துகிறவர். தம்பியோடு பதினெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர். தகரத்தில் சுத்தியலைப் போட்டுப் போட்டு அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால் ரகசியம் பேசுவது என்பது அவருக்குக் கைவராத வித்தை. காதோடு காதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வதுகூடத் தெருமுனை வரை கேட்கும். அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க அங்க இருந்தீங்களாண்ணே?"

"ஆங்?"

"நேத்து! அவன் விழுந்தப்போ!"

"நான் இல்லம்மா, என்னை வெளிய அனுப்பிட்டாங்க!" என்று டிங்கர் தன் ரகசியக் குரலில் சொன்னார். பந்தலில் பேச்சு நின்றது. "நான் தட்டுற சத்தம் ரெக்கார்டிங்ல விழுதாம்! பெயிண்ட் கடைக்குப் போயிட்டு வான்னாங்க!"

முதலாளி எழுந்து வந்தார். "பெரியவரே, அவங்க துக்கத்துல இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"ஆங்? என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல, நீங்க சொல்லுங்க!" என்றாள் அக்கா. "என்ன ரெக்கார்டிங்?"

"கார் சத்தம்மா! டாக்டரு ஃபோனை ஸ்டாண்டு போட்டு வண்டிக்குப் பின்னால நிறுத்தியிருந்தாரு. முன்னெல்லாம் ஷட்டரைத் தொறந்து வச்சுதான் சத்தம் பாப்போம். தெருக்காரங்க புகார் குடுத்ததுல இருந்து ஷட்டரை இறக்கிட்டுதான் பாக்குறது. மூணு மாசமா அப்படித்தான். அதுக்குதான் புகைய இழுக்குற ஃபேன் ஒண்ணு பின் சுவத்துல இருக்கு. அந்த ஃபேன் கொய்ங்குனு கத்துதாம். காரோட சத்தம் சுத்தமா வரலயாம். நிறுத்தச் சொல்லிட்டாரு!"

"யாரு?"

டிங்கர் கையை நீட்டினார். அவருக்கு நாசூக்கும் கைவராது. நீட்டின விரல் நேராகப் பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையில் போய் நின்றது.

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் டிங்கர். "சைலன்சரும் 'பத்து நிமிஷத்துக்கு மேல ஓட்டக் கூடாது சார்'னு சொன்னான். ஏன்னா புகையைச் சுத்தம் பண்ற டப்பா ஒண்ணு வண்டிக்கு அடியில இருக்கும், அதையும் இவரு கழட்டச் சொல்லிட்டாரு, சத்தம் நல்லா வரும்னு. நான் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்குறேன், உள்ள கண்ணு எரியுது. வண்டி ஓடிட்டே இருக்கு. அவன் வண்டிக்கு அடியில கிடக்குறான், கையில ஸ்பானரோட. நெஞ்சையும் புடிக்கல, ஒண்ணையும் புடிக்கல!"

"எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"நான் போயிட்டு வர நாப்பது நிமிஷம் ஆச்சும்மா!"

அக்கா எழுந்து முதலாளிக்கு எதிரில் போய் நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் அந்த நாப்பது நிமிஷம் எங்க இருந்தீங்க?"

முதலாளி பல் டாக்டரைப் பார்த்தார்.

"நான் கேக்குறேன்ல?"

"ஆபீஸ் ரூம்ல" என்றார் பல் டாக்டர் மெதுவாக. "கண்ணாடி ரூம். ஏசி. அவர் குழாயைப் பிடிக்கிற க்ளாம்ப் அதிருதுன்னு டைட் பண்ணிட்டிருந்தார். பண்ணிட்டிருக்கார்னுதான் நினைச்சோம்."

"நீங்க டாக்டர்தானே?"

"நான் பல் டாக்டர்."

"பல்லுக்குப் படிக்கிறவங்களுக்கு மூச்சு எப்படிப் போகும் வரும்னு சொல்லித் தர மாட்டாங்களா? மயக்க மருந்து குடுக்குறீங்க, வாயைத் தொறந்து உள்ள பாக்குறீங்க. நேத்து அவன் வாயைத் தொறந்து பாத்தீங்களா? உதடு என்ன கலர்ல இருந்துச்சுன்னு பாத்தீங்களா? மாரடைப்புன்னு ஒரு சிநேகிதரைப் புடிச்சு எழுதி வாங்கத் தெரிஞ்சுதே, அதைப் பாக்கத் தெரியலையா?"

சித்தப்பா விறுவிறுவென்று வந்து அக்காவின் தோளைப் பிடித்தார். "ஏம்மா, சபையில என்ன இது? இங்க வா, உள்ள போய்ப் பேசுவோம்."

"இங்கயே பேசுவோம் சித்தப்பா. இவன் மாரடைப்புல சாகல. புகை குடிச்சுச் செத்திருக்கான். போலீஸுக்குச் சொல்லணும். பிரேதப் பரிசோதனை பண்ணணும்."

பந்தலே ஒரு மூச்சு உள்ளே இழுத்தது. சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"போனவன் போயிட்டான். அறுத்துக் கூறு போட்டாத் திரும்பி வரப்போறானா? நிம்மதியா அனுப்பி வைப்போம்மா. வண்டி வந்து நிக்குது பாரு."

"நிம்மதியா? யாருக்கு நிம்மதி?"

"உனக்கு இருபத்திரண்டு வருஷமா ரத்தத்தையே பாத்து மனசு மரத்துப் போச்சு. கூடப்பிறந்தவன்கிற எண்ணமே இல்ல."

அது நேராக உள்ளே போய்த் தைத்தது. ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி அக்காவின் தொண்டை வரை வந்து நின்றது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தான் கோபமாகவே இருந்தாக வேண்டும், அழுதுவிட்டால் இந்த வண்டி கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதலாளி அவளைத் தாண்டி வீட்டு வாசலைப் பார்த்தார். தம்பி மனைவி நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். முதலாளியின் குரல் தேனாகிவிட்டது.

"நீயே சொல்லும்மா. உன் புருஷன். முடிவெடுக்க வேண்டியது நீதான், வேற யாரும் இல்ல. அவரை அறுக்கச் சம்மதிப்பியா? உன் குடும்பத்தை நான் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்கேன். எதுக்கும்மா இந்த அசிங்கம்?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அக்காவுக்கும் தம்பி மனைவிக்கும் பதினைந்து வருஷமாகப் பேச்சு என்பது 'சாப்பிட்டீங்களா அண்ணி', 'சாப்பிட்டேன்' அளவில்தான். இந்தப் பெண் அதிர்ந்து ஒரு சொல் சொல்லி அவள் கேட்டதில்லை. வந்த சம்பந்தங்களிலேயே இதுதான் அடக்கமான பெண் என்று தம்பிக்குத் தேடிப்பிடித்துக் கட்டி வைத்ததே அக்காதான். இப்போது அந்த அடக்கத்தை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது.

தம்பி மனைவி படியிறங்கி வந்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை. பல் டாக்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"அவரு கூப்பிட்டாரா?"

பல் டாக்டர் தெருவில் நின்ற காரைப் பார்த்தார்.

"ஒரு தடவையாவது குரல் குடுத்தாரா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"தெரியலம்மா" என்றார். "சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பந்தலில் யாரோ ஒரு நாற்காலியை இழுத்தது கேட்டது.

தம்பி மனைவி அக்கா பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, போலீஸுக்கு ஃபோன் பண்ணுங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன்."

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. வந்தது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பந்தலுக்குள் நுழைந்ததும் முதலாளி தனியாகப் பேச வேண்டும் என்றார். "தனியாப் பேசுறதுக்கு ஸ்டேஷன் இருக்கு, அங்க வாங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள். அக்கா நகத்தைக் காட்டினாள். உதட்டைக் காட்டினாள். வேலை செய்யும் இடத்தில் சொல்வது போலத்தான் சொன்னாள்: நிறம், காரணம், எந்தக் குழாயில் எவ்வளவு ரத்தம் எடுக்க வேண்டும், எதனால் தாமதிக்கக் கூடாது. சொல்லி முடித்த பிறகுதான், அந்தக் கையைத் தான் இன்னும் விடவில்லை என்பதைக் கவனித்தாள்.

வெளியே இன்ஸ்பெக்டர் பல் டாக்டரிடம் ஃபோனைக் கேட்டாள்.

"அந்த ரெக்கார்டிங்கை அழிச்சிட்டேன் மேடம்."

"ஏன்?"

"கேக்க முடியல."

"எது வரைக்கும் கேட்டீங்க?"

பல் டாக்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நேற்றிலிருந்து சாப்பிடாத அந்த மனிதர் உண்மையாகவே அழுதார். அக்கா பார்த்தாள். அதில் துளியும் பொய் இல்லை என்று தெரிந்தது. தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் ஏறியது. முதல் நாள் சாயங்காலமே இந்த அழுகையை அழுதிருந்தால், அவள் வந்து நகத்தைத் தேய்த்துக் கண்டுபிடிக்க வேண்டி இருந்திருக்காது. அவள் வருவதற்கு முன்பே அவர்கள் அந்தக் கரியையும் துடைத்து முடித்திருந்தால்? பஸ் கிடைக்காமல் போயிருந்தால்? பன்னிரண்டு மணிக்குப் பிறகு வந்திருந்தால்? களையான முகத்தோடு ஒரு நல்ல சாவாக அவன் போய்ச் சேர்ந்திருப்பான். அந்தக் கார் அதே குரலில் தெருத்தெருவாக உறுமிக்கொண்டிருக்கும்.

"அழிச்சதை எடுக்க எங்ககிட்ட ஆள் இருக்கு" என்று இன்ஸ்பெக்டர் ஃபோனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டாள். காரைக் கிளப்பக் கூடாது என்று சொல்லிவிட்டதால், இழுத்துப் போகும் லாரி வந்தது. மஞ்சள் கார் முன்சக்கரம் இரண்டும் தூக்கிக் கட்டப்பட்டு, ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் தெருவைக் கடந்து போனது. பார்த்துக்கொண்டிருந்த டிங்கர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். காருக்கா, அதற்குள் இருந்த வேலைக்கா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு வெளியே ஒரே ஒரு நீளப் பெஞ்சு. அக்காவும் தம்பி மனைவியும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு தண்ணீர் பாட்டில்களோடு பின்னாலேயே வந்து, தூரத்தில் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கான்ஸ்டபிள் அட்டையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"இறந்தவர் என்ன வேலை பாத்தாரு?"

"மெக்கானிக்" என்றாள் அக்கா.

"வெறும் மெக்கானிக் இல்ல" என்றாள் தம்பி மனைவி. "கார் சத்தத்தைச் சரி பண்றவரு. இந்த ஊர்ல அவரு ஒருத்தருக்குத்தான் அது தெரியும்."

கான்ஸ்டபிள் கட்டத்தைப் பார்த்தார். "அவ்வளவு எழுத இடம் இல்லம்மா." மெக்கானிக் என்று எழுதிக்கொண்டு போனார்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. டாக்டர் வயதானவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். அக்கா யார், என்ன வேலை என்று முன்பே விசாரித்திருந்ததால் சுற்றி வளைக்கவில்லை.

"ரிப்போர்ட் வர நாளாகும். ஆனா உங்களுக்கே தெரியும். ரத்தத்தைப் பாத்தாலே போதும். மாரடைப்புன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

அக்கா அந்தப் பெயரைச் சொன்னாள்.

"கண்ணைத் தொறந்து பாக்கலையா அந்த ஆளு?" என்றார். அவர் குரலில் இருந்த கோபத்தைக் கேட்டதும், காலையிலிருந்து தனியாகத் தூக்கிக்கொண்டு வந்த ஒன்றை யாரோ கொஞ்சம் கை கொடுத்துப் பிடித்த மாதிரி இருந்தது அக்காவுக்கு. ஒர்க்ஷாப்புக்குச் சீல் வைத்துவிட்டதாகவும், முதலாளியையும் பல் டாக்டரையும் கையெழுத்துப் போட்டவரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகவும் கான்ஸ்டபிள் வந்து சொன்னார். நல்லது என்றாள் அக்கா. அது ஒரு சொல்லாக வெளியே வந்து விழுந்ததே தவிர, உள்ளே எதுவும் இறங்கவில்லை.

உடம்பைத் துணியில் சுற்றித்தான் கொடுப்பார்களாம். பிணவறை ஊழியர் ஒரு பையைக் கொண்டுவந்து தம்பி மனைவியிடம் கொடுத்தார். காலையில் அவனுக்குப் போட்டுவிட்ட புதுச் சட்டை உள்ளே இருந்தது. கரி படிந்த பழைய சட்டையை மாட்டிவிடப் பிடிக்காமல் அவசரமாகக் கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தது. ஒரு முறைகூட அவன் உட்கார்ந்து எழாத சட்டை. அவள் அதை மடியில் விரித்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கைகளைப் பின்பக்கம் மடக்கினாள். கழுத்துப் பட்டையைத் தடவி நிமிர்த்திக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

கடையில் மடிப்புக்காகக் குத்தியிருந்த குண்டூசி ஒன்று பட்டைக்கு உள்பக்கம் அப்படியே இருந்தது.

அவள் அதை மெல்ல உருவி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கழுத்துல குத்திக்கிட்டே இருந்திருக்கும் அண்ணி" என்றாள். "யாருமே பாக்கலையே."

அக்கா அந்த ஊசியை வாங்கிக்கொள்ள உள்ளங்கையை நீட்டினாள்.